அன்றைக்கு இலவசக் குடை, இன்றைக்கு இலவச சிம், நாளைக்கு?
கடையும் ஆலையும் கடனும் ஒரே கம்பெனி கையில் சேர்ந்தால் சம்சாரிக்கு என்ன மிஞ்சும்?

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! கரிசல் காட்டு மானாவாரிச் சம்சாரிகளே! தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லும் போடும் விவசாயிகளே! உப்பளத் தொழிலாளர்களே, கடலோர மக்களே, கடைவீதி அண்ணாச்சிமார்களே!

நம்ம ஊர்க் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். நூற்றிருபது வருசத்துக்கு முந்தின கதை. ஆனாலும் இன்னும் முடியாத கதை.

1906-இல் ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் 10 லட்சம். வியாபாரிகளும் சாதாரண சனங்களும் போட்ட பணம் அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நம்ம கப்பல் ஓடியது. அதுவரைக்கும் அந்தக் கடலைத் தன் சொத்தாக நினைத்திருந்த பி.ஐ. கம்பெனி என்ன செய்தது? தன் கப்பலை இன்னும் நல்லா ஓட்டியதா? இல்லை. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே வெள்ளைக்காரன், “டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறு. ஏறினால் ஒரு குடையும் தாரேன்” என்றான்!

குடைக்கு ஆசைப்பட்டவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கூலி வேலைக்குக் கொழும்பு போகிறவனுக்கு எட்டணா பெரிய காசு, குடை அதைவிடப் பெரிசு. ஆனால் அந்தக் குடை யார் பணத்தில் வந்தது என்று யோசிக்க வேண்டாமா? நட்டத்தை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தாங்குவேன் என்கிறவனுக்கும், பங்குக்கு 25 ரூபாய் போட்டவனுக்கும் நடக்கிற போட்டி போட்டியே அல்ல. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தார்கள். 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். குடைக் கம்பெனி அதற்குப் பிறகும் இலவசமாக ஆள் ஏற்றியதா?

சிம் கார்டு வந்த கதை

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. பேச்சு இலவசம், இன்டர்நெட் இலவசம். அந்த இலவசம் 2017 மார்ச் கடைசி வரை நீண்டது. நம்ம பிள்ளைகள் கடைக்கடையாக வரிசையில் நின்று வாங்கினார்கள். நாங்களும்தான் வாங்கினோம், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு பூராவும் ஏர்செல் சிக்னல் செத்துப்போனது. நம்பரை மாற்ற முடியாமல் சனங்கள் தவித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு கம்பெனி இருந்த இடத்தில் தனியாரில் மூன்றுதான் மிஞ்சியது. அரசாங்கத்து பி.எஸ்.என்.எல்.-ஐ எழுந்திரிக்க முடியாதபடி வைத்துவிட்டார்கள். 2024 ஜூலையில் மூன்று கம்பெனியும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. எங்கே போய்ச் சொல்வது? போட்டிக்கு ஆள் இருந்தால்தானே!

இப்போது அதே ரிலையன்ஸ் குழுமம் எங்கெல்லாம் கால் வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2006-இல் ஐதராபாத்தில் ‘ரிலையன்ஸ் ஃபிரெஷ்’ என்று காய்கறிக் கடை திறந்தார்கள். “காய்கறி விக்கத்தானே வாரான், வித்துட்டுப் போறான்” என்று அன்றைக்குப் பல பேர் சொன்னார்கள். இன்றைக்கு நாடு முழுவதும் 19,000 கடைக்கு மேல். துணிக்கு டிரெண்ட்ஸ், மளிகைக்கு ஸ்மார்ட் பஜார், வீட்டு வாசலுக்கு ஜியோமார்ட். கொங்கு நாட்டுக் கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோரை 2020-இல் வாங்கியாச்சு. சின்னக் கடைக்காரர்களுக்கு மொத்தச் சரக்கு போடும் மெட்ரோ கம்பெனியின் இந்தியக் கடைகளை 2,850 கோடி ரூபாய்க்குப் பேசி 2023-இல் எடுத்தாச்சு. அண்ணாச்சி கடைக்கு எதிரே கடை போட்டவரே அண்ணாச்சிக்கு மூட்டை போடுகிறவராகவும் ஆகிவிட்டார்!

அதோடு நின்றதா? விற்கிறவரே செய்கிறவராக மாறினார். காம்பா கோலாவை வாங்கி 2023-இல் பத்து ரூபாய் பாட்டிலாக இறக்கினார்கள். 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர்கள் அறிவித்தார்களே, அந்த இடத்தில் நம்மூர் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் உட்காரும் என்று நாம் நினைத்தோம். உட்கார்ந்தது யார் என்று பெட்டிக்கடை ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். 2025 டிசம்பரில் நம்ம தமிழ்நாட்டு உதயம் பருப்புக் கம்பெனியின் பெரும்பங்கும் அந்தக் கைக்கே போய்விட்டது. உளுந்தும் பாசிப்பயறும் போடுகிற கரிசல்காட்டுச் சம்சாரிக்கு இது யாரோ யாரிடமோ கம்பெனி விற்ற சேதி அல்ல. நம் உளுந்தை உடைத்து, பாக்கெட் போட்டு, கடையில் வைத்து விற்கிற மூன்று கையும் ஒரே கையாகிறது என்கிற சேதி.

அல்லிக்குளத்துக்கு வருகிறது

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அல்லிக்குளம் சிப்காட்டில் 60 ஏக்கரில், 1,156 கோடி ரூபாயில் ரிலையன்ஸ் கன்ஸ்யூமர் நிறுவனம் ஆலை கட்டப்போகிறது. நொறுக்குத்தீனி, பிஸ்கட், மசாலா, மாவு, சமையல் எண்ணெய். ஐந்து வருசத்தில் 2,000 பேருக்கு வேலை என்கிறார்கள்.

ஆலை வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களைப் பற்றி அப்படிச் சொல்லித் திரிகிறவர்களுக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் மிளகாய் வற்றலும் மக்காச்சோளமும் விளைகிறது. அதை வாங்கி அரைக்க ஒரு ஆலை பக்கத்தில் வந்தால் வண்டிக்கூலி மிச்சம். நம்ம பிள்ளைக்கு வேலை கிடைத்தால் நல்லதுதான். எங்கள் கேள்வி வேறே. விலையை யார் வைப்பது? வைத்த விலை கட்டாது என்றால் வேறு எங்கே கொண்டு போவது?

ஆலை எதற்காகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்றும் யோசிக்க வேண்டும். ஏற்றுமதிக்கு வசதி என்பார்கள். சரி. ஏற்றுகிற துறைமுகத்தில் இறக்கவும் முடியுமே! 2021 மே மாதத்திலிருந்து பர்மா உளுந்தை வரியில்லாமல் இறக்க மத்திய அரசு அனுமதித்து, கெடுவை நீட்டிக்கொண்டே வந்தது. மார்கழி, தையில் நாம் களத்தில் உளுந்தை அடித்துக் குவிக்கிற நேரத்தில், “உன் உளுந்து வேண்டாம், கப்பலில் வருது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குவிண்டாலுக்கு எத்தனை ரூபாய் விழும் என்று உங்களுக்கே தெரியும். 2025-26-க்கு உளுந்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். மக்காச்சோளத்துக்கு 2,400. அறிவிப்பு பேப்பரில் இருக்கிறது. அந்த விலை களத்துக்கு வந்து சேர்வது எத்தனை பேருக்கு?

2021 ஜனவரியில், டெல்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் கிடந்த நேரத்தில், பஞ்சாபில் செல்போன் டவர்கள் சேதமானபோது இந்தக் கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. ஒப்பந்த விவசாயத்தில் தாங்கள் இல்லை, விவசாயிகளிடம் நேரடியாக வாங்கவில்லை, சரக்கு தருகிறவர்கள் குறைந்தபட்ச ஆதரவு விலையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று வலியுறுத்துவோம் என்றது அந்த அறிக்கை. நல்ல வார்த்தை. அந்த வார்த்தையை அல்லிக்குளத்தில் பத்திரமாக எழுதிக் கொடுக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

கடன் கொடுத்தவனே விலை வைத்தால்?

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பிரசுரத்தின் உயிர். பொறுமையாகப் படியுங்கள்.

கடையும் ஆலையும் வைத்தவர்கள் வட்டித்தொழிலுக்கும் வந்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில் ஜியோ பேமெண்ட்ஸ் பேங்க் ஆரம்பமானது. அதில் நம்ம ஸ்டேட் பேங்குக்கும் பங்கு இருந்தது. 2025 ஜூனில் அந்தப் பங்கையும் சுமார் 104 கோடி ரூபாய்க்கு வாங்கி முழுசாக எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி பேமெண்ட்ஸ் பேங்க் கடன் கொடுக்கக்கூடாது. ஒரு ஆளிடம் 2 லட்சம் ரூபாய் வரைக்கும் டெபாசிட் வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் கடன் கொடுக்க வேறே கம்பெனி வைத்திருக்கிறார்கள். 2023-இல் ஜியோ ஃபைனான்சியல் என்று தனியே பிரித்துப் பங்குச்சந்தையில் ஏற்றினார்கள். அதன் கீழ் கடன் கம்பெனி, இன்சூரன்ஸ் தரகு, அமெரிக்காவின் பிளாக்ராக்கோடு கூட்டுச் சேர்ந்து மியூச்சுவல் ஃபண்ட். வால்மார்ட்டும் சும்மா இல்லை. 2018-இல் ஃபிளிப்கார்ட்டை வாங்கியபோதே போன்பே-யும் கூட வந்தது. 2025-இல் ஃபிளிப்கார்ட்டுக்கே கடன் கொடுக்கும் உரிமத்தை ரிசர்வ் வங்கி கொடுத்துவிட்டது.

“வீட்டுக்கடன், ஷேர் மேலே கடன்னுதானே நடத்துறாங்க, பயிர்க்கடனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். காய்கறிக் கடைக்கும் மிளகாய் ஆலைக்கும் 2006-இல் என்ன சம்பந்தம் இருந்தது?

கடன் கொடுக்கிறவனும் சரக்கு வாங்குகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டாம். நம்ம கடற்கரைக்குப் போய்க் கேட்டால் போதும். படகுக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் மீன் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கியவர் தன் மீனை அவருக்குத்தான் போட வேண்டும். ஏலத்தில் பத்துப் பேர் நின்று கூவினாலும் அவர் மீன் அங்கே போகாது. வட்டி என்று தனியாக எதுவும் கேட்கமாட்டார்கள். வட்டி மீன் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்! சங்குகுளிக்கிறவர்கள் கதையும் இதுதான். மூச்சைப் பிடித்து அடிக்கடலுக்குப் போய்ச் சங்கை எடுத்து வருகிறவன், முன்பணம் கொடுத்தவர் சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். முத்துக்குளித்த காலத்திலும் கொண்டு வந்த சிப்பியில் ஒரு பங்குதான் குளியாளிக்கு. பெரும்பங்கு சர்க்காருக்கு. முத்து போய் அறுபது வருசத்துக்கு மேலாகிவிட்டது, 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு இல்லை. முன்பண நோட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

நம்மூர் கமிஷன் கடைக்காரர்கள் மட்டும் உத்தமர்களா? இல்லவே இல்லை. வாழைத்தாருக்கும் வற்றலுக்கும் முன்பணம் கொடுத்து, எடையிலும் கழிவிலும் நம்மை அறுத்தவர்கள் அங்கேயும் உண்டு. அவர்களோடு நாம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? ஆனாலும் ஒரு வித்தியாசம். இவர் சரியில்லை என்றால் அடுத்த கடை ஏறலாம். ஊர்ப் பெரியவரை வைத்துப் பேசலாம். நேருக்கு நேர் நின்று “ஏன் அண்ணாச்சி, இது உங்களுக்கே நியாயமா படுதா?” என்று கேட்கலாம். நாளைக்கு விதையும் மருந்தும் ஒரு ஆப்பில் கடனுக்கு வரும். அறுப்பு அன்றைக்கு அதே ஆப் விலை சொல்லும். கடனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அதே கம்பெனி பேங்கில் போடும். அந்தப் பணத்தை அதே கம்பெனிக் கடையில் செலவழிப்போம். யாரிடம் போய் நியாயம் கேட்பது? கஸ்டமர் கேரில் “ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்” என்று ஒரு பெண் குரல் பேசும். அதனிடமா?

பேங்க் யாருடையது?

முதலாளிமார் கையில் பேங்க் இருந்த காலத்தை இந்த நாடு பார்த்திருக்கிறது. யூகோ பேங்க் பிர்லா தொடங்கியது. 1967 வாக்கில் பேங்குகள் கொடுத்த கடனில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான் விவசாயத்துக்கு வந்தது. நாட்டில் பெரும்பாலானோர் விவசாயிகள், அவர்களுக்கு இரண்டு ரூபாய்! 1969 ஜூலை 19-இல் 14 பேங்குகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகுதான் பேங்க் வாசப்படியில் சம்சாரி கால் வைத்தான்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1921-இல் இந்த ஊரில் நாடார் வங்கி என்று தொடங்கி, 1962-இல் பெயர் மாறியதுதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க். மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டிய வியாபாரிகள் ஊர்ப் பணத்தில் கட்டிய பேங்க் அது. 1990-களில் அதன் பெரும்பங்கு எஸ்ஸார் குழுமத்தின் கைக்குப் போனது. பேங்கைக் கட்டிய சமூகம் கொதித்தது. அங்கிருந்து சிவசங்கரன் கைக்கு, பிறகு வழக்கு, பேரம், மீட்புக் கூட்டங்கள் என்று வருசக்கணக்கில் இழுத்தது. ஊர்ப் பேங்க் ஒரு பெரிய முதலாளியின் கைக்குப் போனால் திரும்பப் பிடிக்க எத்தனை பாடு என்று அந்தத் தலைமுறையைக் கேளுங்கள். அண்ணாச்சிமார்களே, விவசாயிகள் நோட்டீசில் உங்களுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இது உங்களுக்கும்தான்.

2020 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் உள்குழு ஒன்று, பெரிய தொழில் குழுமங்கள் பேங்க் தொடங்க அனுமதிக்கலாம் என்று பரிந்துரை செய்தது. அந்த ரிசர்வ் வங்கிக்கே கவர்னராக இருந்த ரகுராம் ராஜனும், துணைக் கவர்னராக இருந்த விரால் ஆச்சார்யாவும் இது ஆபத்து என்று எழுதினார்கள். 2021-இல் மற்றப் பரிந்துரைகளில் பெரும்பாலானதை ஏற்றுக்கொண்ட ரிசர்வ் வங்கி, இதை மட்டும் ஏற்கவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை. அமெரிக்காவிலேயே 2005-இல் வால்மார்ட் பேங்க் லைசென்ஸ் கேட்டது. ஊர் ஊரான சின்னப் பேங்குகளும் கடைக்காரர்களும் தொழிற்சங்கங்களும் போட்ட சத்தத்தில் 2007 மார்ச்சில் மனுவை வாபஸ் வாங்கியது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஒரே ஒரு கணக்கை மட்டும் வீட்டில் பேசிப் பாருங்கள். 2006-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது, சுமார் 7,000 கோடி. 2021-இல் மறுபடியும் 12,110 கோடி, 16 லட்சம் விவசாயிகளுக்கு மேல். எப்படித் தள்ளுபடி ஆனது? மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது, நாம் ரோட்டுக்கு வந்தோம், ஓட்டும் நம் கையில் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்துக் கடன் என்பதால் அரசாங்கத்தின் சட்டையைப் பிடிக்க முடிந்தது. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லாமல் பயிர்க்கடன் கிடைப்பதும் அங்கேதான். கூட்டுறவுச் சங்கத்தில் சிபாரிசும் இழுத்தடிப்பும் இருப்பது எங்களுக்கும் தெரியும். உரமூட்டைக்கு அலையவிட்டதை நாங்கள் மறக்கவில்லை. அதைத் திருத்தச் சண்டை போடுவோம். கம்பெனிக்காரன் கடனை எந்த முதலமைச்சர் தள்ளுபடி செய்வார்?

2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏரல் கடைவீதி மூழ்கியது. வாழையெல்லாம் சாய்ந்து, களத்து நெல் முளைத்து, மாடு கன்று போய், கையில் சல்லிக்காசு இல்லாமல் நின்றோம். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏ.டி.எம். இல்லை. தண்ணி வடிந்ததும் நனையாத மூட்டையைப் பிரித்து, “எடுத்துட்டுப் போங்க, பொறவு பாத்துக்கிடலாம்” என்று அரிசி அளந்தது தெருமுனை அண்ணாச்சிதான். அவர் கடையிலும் இடுப்பளவு தண்ணி நின்றிருந்தது. அந்தக் கணக்கு நோட்டு நனைந்து எழுத்து அழிந்துபோனது. ஆனாலும் யாரும் ஏமாற்றவில்லை, அவரும் கூட்டிச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து ஓடுகிற பில் மிசினுக்கு இது புரியுமா?

நாம் கேட்பது

பெரிய தொழில் குழுமங்களுக்கு பேங்க் லைசென்ஸ் கொடுக்கும் பரிந்துரையை ரிசர்வ் வங்கி எழுத்துப்பூர்வமாகத் தள்ளுபடி செய்ய வேண்டும். விளைபொருளை வாங்குகிற குழுமமே அந்த விவசாயிக்குக் கடன் கொடுப்பதையும், சரக்குப் பணத்தில் கடனைப் பிடிப்பதையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும். அல்லிக்குளம் ஆலை உட்பட இந்த மாவட்டத்தில் எந்த ஆலை வந்தாலும், உள்ளூர்ச் சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலம் வழியாகவோ, விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனி வழியாகவோ, ஆதரவு விலைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பதை, நிலமும் சலுகையும் கொடுக்கிற தமிழக அரசு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். குத்தகைக்கு உழுகிறவருக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் இழுத்தடிக்காமல் பயிர்க்கடன் கொடுக்க வேண்டும். அறுவடை மாதங்களில் வெளிநாட்டு உளுந்தை வரியில்லாமல் இறக்குவதை நிறுத்த வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, அடுத்து வருகிற கிராமசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் வையுங்கள். தலைவர் வாங்க மறுத்தால் வாங்கும்வரை கலையாதீர்கள். தீர்மான நோட்டில் ஏற்றிய நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த நகல்களோடு எல்லா ஒன்றியத்திலிருந்தும் ஒரே நாளில் வருகிறோம். மனுக் கொடுக்க இரண்டு பேர் போனால் போதும் என்று இருக்க வேண்டாம். வேன் பேசுகிற ஊர்க்காரர்கள் முந்தின நாளே சங்கத்தில் தலைக்கட்டுச் சொல்லிவிடுங்கள். பெண்களும் வர வேண்டும், களையெடுப்பதும் அறுப்பதும் அவர்கள்தானே. சிட்டா நகலும் சங்கத்துக் கடன் ரசீதும் கையில் இருக்கட்டும். வரும்போது ஒரு படி உளுந்து எடுத்து வாருங்கள். ஆட்சியர் மேசையில் குவித்து, இதற்கு என்ன விலை என்று அவரிடமே கேட்போம்.

இவண்,
தூத்துக்குடி மாவட்ட விவசாயிகள்